அடிக்குறிப்பின் அரசியல்

(திருப்பூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வரலாற்று வாசிப்பு முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரலாறு எழுதுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்ல. பேங்க்ல கிளார்க். கவிதை எழுதுகிறவன். அதனால் பெரிய கோட்பாடு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கட்டுரைக்கு அடியில் பொடி எழுத்தில் கிடக்கிற ஒரு சமாச்சாரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அடிக்குறிப்பு. யார் சொன்னது, எந்தப் புத்தகம், எந்த வருசம், எத்தனையாவது பக்கம் என்கிற அந்த ரெண்டு வரி. அது காலேஜ்ல மார்க் வாங்கறதுக்கான வேலை, இயக்கத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

'ஆதாரம் எங்கே?' என்ற கேள்வி தமிழ்நாட்டில் எல்லோரிடமும் கேட்கப்படுவதில்லை. ஏதாவது ஒரு சாதிச்சங்க மாநாட்டு மலரை எடுத்துப் பாருங்க. எங்கள் குலம் மூவேந்தர் வழிவந்தது என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். கீழே ஒரு குறிப்பும் இருக்காது. தலபுராணத்துக்கு யாரும் பக்க எண் கேட்பதில்லை. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று கேட்டால் 'காலங்காலமா அப்படித்தான்' என்கிற பதில் போதும். ஆனால் சேரியிலிருந்து ஒருத்தர் எழுந்து, 'இந்தக் கிணறு பொதுக்கிணறு, இந்த நிலம் எங்க பாட்டனுக்குக் கொடுத்தது, அந்தச் சண்டையில எங்காளும் செத்தான்' என்று சொல்லட்டும். அடுத்த நிமிசமே கேள்வி வந்துவிடும். ஆதாரம் எங்கே?

இதற்கு நம்மவர்கள் ரெண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். ஒன்று, அடிக்குறிப்பே படித்த சாதிகளின் ஆயுதம், எழுத்து மறுக்கப்பட்டவர்களிடம் தாள் கேட்பதே வன்முறை, எங்கள் வரலாறு வாய்மொழியில் இருக்கிறது என்கிறார்கள். இதில் நியாயம் உண்டு. இன்னொன்று, 'ஆய்வாளர்கள் கூறுகின்றனர்', 'வரலாறு சொல்கிறது' என்று எழுதிவிட்டுப் போய்விடுவது. எந்த ஆய்வாளர்? வரலாறுக்கு வாய் இருக்கா, அது வந்து உங்ககிட்ட சொல்லுச்சா? இந்த ரெண்டாவது பழக்கத்தில் எந்த நியாயமும் இல்லை. ஆதாரம் கேட்பதில் ஓரவஞ்சனை இருக்கிறது என்பதற்காக நாம் ஆதாரத்தைக் கைவிட வேண்டியதில்லை. நம் ஆதாரத்தை நாம் காட்ட வேண்டும், அவர்களுடையதையும் கேட்க வேண்டும்.

பனியன் கம்பெனியில் வேலை செய்கிற தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். கட்டிங்கில் வெட்டின பீஸை லாட் நம்பர் போடாமல் கட்டி அனுப்பினால் என்ன ஆகும்? ஓவர்லாக், பேட்லாக் தாண்டி செக்கிங்குக்கு வரும்போது டேமேஜ் கண்டுபிடிப்பார்கள். எந்தத் துணி, எந்தச் சாயம், எந்த டேபிள் என்று திரும்பிப் போய்ப் பார்க்க வழி இருக்காது. எங்க பேங்க்ல வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் பற்று வைக்க முடியாது. இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஆனாலும் ஆடிட்டர் வந்து உட்கார்ந்தால் கேட்பது எதை வைத்து இந்த என்ட்ரி போட்டாய் என்பதைத்தான். அடிக்குறிப்பும் அதுதான். படிக்கிறவன் திரும்பிப் போய்ப் பார்க்க வழி விடுவது. 'என்னை நம்பு' என்று சொல்லாமல் 'நீயே போய்ப் பார்' என்று சொல்வது. குரு சொன்னதைச் சீடன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிற மரபுக்கு இது நேர் எதிரானது. அதனால்தான் இதில் அரசியல் இருக்கிறது என்கிறேன்.

பாபாசாகேப் இதை எப்படிச் செய்தார் என்று பாருங்கள். 'சாதி ஒழிப்பு' ஒரு பேச்சுக்காக எழுதியது. 1936இல் லாகூரில் பேசியிருக்க வேண்டியது. அழைத்தவர்களே மாநாட்டை ரத்து செய்ததால் அவரே அச்சிட்டார். அதில் இந்தூர்ப் பகுதியின் பலாய் சாதி மக்கள் மீது சாதி இந்துக்கள் விதித்த கட்டளைகளை எடுத்து வைக்கிறார். 'நம் மக்கள் எவ்வளவு கொடுமைப்படுகிறார்கள் தெரியுமா' என்று பொதுவாகச் சொல்லவில்லை. 1928 ஜனவரி 4ஆம் தேதி டைம்ஸ் ஆப் இந்தியாவில் வந்த செய்தி என்று நாளோடு சொல்கிறார். எட்டு வருசத்துக்கு முந்தின பேப்பர். தலித் பத்திரிகையும் அல்ல. எதிரில் உட்காரப்போகிற சாதி இந்துவால் தள்ளிவிட முடியாத சாட்சியாகப் பார்த்து எடுத்திருக்கிறார்.

1948இல் வந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலின் முன்னுரை இன்னும் முக்கியமானது. தீண்டாமையின் தோற்றத்துக்கு நேரடி ஆவணம் கிடையாது. சங்கிலியில் கண்ணிகள் விடுபட்டிருக்கின்றன. அந்த இடங்களில் ஊகத்தைப் பயன்படுத்தியிருக்கிறேன், அதற்கு எனக்கு உரிமை உண்டு என்று வெளிப்படையாகவே வாதாடுகிறார். உண்மையையும் பொய்யையும், உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துக் காட்டுவது வரலாற்றாசிரியன் கடமை என்று ஜெர்மானியக் கவிஞர் கெதேயைத் துணைக்கு அழைக்கிறார். ஊகிக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. எது ஆவணம், எது ஊகம் என்று படிக்கிறவனுக்குத் தெரியும்படி எழுது என்கிறார்.

அவர் பெயரால் நாம் என்ன செய்கிறோம்? வாட்ஸ்அப்பில் தினம் ஒரு 'அம்பேத்கர் பொன்மொழி' வருகிறது. எந்தப் பேச்சு, எந்தத் தொகுதி என்று ஒன்றும் இருக்காது. 1942 ஜூலையில் நாக்பூர் மாநாட்டில் அவர் சொன்ன மூன்று சொற்களின் வரிசை கற்பி, போராடு, ஒன்றுசேர். நம் சுவர்களில் 'கற்பி, ஒன்றுசேர், போராடு' என்று எழுதியிருக்கிறோம். வரிசை மாறினால் அரசியல் மாறும். கிளர்ச்சி முதலில் வந்து அமைப்பு அதிலிருந்து பிறக்கிறதா, அமைப்பு கட்டி முடித்த பிறகுதான் கிளர்ச்சியா? விவாதிக்க வேண்டிய விசயம். மூலத்தைப் பார்த்தவன்தான் விவாதிக்க முடியும்.

அடுத்து பஞ்சமி நிலம். அடிக்குறிப்பு எப்படி மண்ணாக மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30ஆம் தேதி வருவாய்த்துறை அரசாணைகள் 1010, 1010-ஏ வந்தன. பிறகு பல கட்டங்களாக நிலம் ஒப்படை செய்யப்பட்டது. முதல் பத்து வருசம் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. இந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994இல் காரணைப் போராட்டம். அந்த அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற ரெண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள்.

இப்போ நம் துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்க. 'அரசாணை எண் 1010/10-ஏ' என்று மட்டும் இருக்கும். துறை இருக்காது, தேதி இருக்காது. அரசாணை எண் என்பது ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு வருசமும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. துறையும் தேதியும் இல்லாத அரசாணை எண், தெருப் பேர் இல்லாத கதவு எண் மாதிரி. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த எண்ணை மட்டும் கொடுத்தால் எந்தக் கட்டையும் எடுத்துத் தர மாட்டார்கள். தாசில்தாரும் மனுவை ஓரமாக வைக்கக் காரணம் தேடுகிறவர்தான். நாமே எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

'12 லட்சம் ஏக்கர்' என்று மேடையில் சொல்கிறோம். சொல்லுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எழுதும்போது அந்த எண்ணுக்கு அடியில் 1892 அரசாணையைக் குறிப்பாகப் போடாதீர்கள். 1892இல் வந்த ஆணையில் அதற்குப் பின்னால் கொடுத்த நிலத்தின் கூட்டுத்தொகை எப்படி இருக்கும்? கொள்கைக்கு ஆதாரம் வேறு, அளவுக்கு ஆதாரம் வேறு. எண்ணை யார் எங்கே எழுதியதிலிருந்து எடுத்தீர்களோ அதைச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய வேலை, உங்க கிராமத்தில் எந்தச் சர்வே எண், எத்தனை ஏக்கர், யார் பேரில் இருந்தது என்று பார்ப்பது. பழைய செட்டில்மென்ட் பதிவேடு, அ-பதிவேடு, 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதிய பதிவேடு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேர் எந்த இடத்தில் மாறியது என்று தெரிந்துவிடும். 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்த பிறகு நகல் கேட்டு வாங்கலாம். கட்டுரையில் எழுதும்போது எந்த அலுவலகம், பதிவேட்டின் பேர், கிராமம், சர்வே எண், நகல் பெற்ற தேதி எல்லாம் கீழே வர வேண்டும். அப்படி எழுதிய கட்டுரையை மறுநாளே மனுவோடு இணைக்கலாம்.

நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை. திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் வந்தது. பழைய ஆவணத்தில் கோயம்புத்தூர் மாவட்டம் என்று தேட வேண்டும். தாலுகாவும் பல்லடமா தாராபுரமா என்று பார்க்க வேண்டும். நம்மைத் தேடுகிற சொல்லும் காலத்துக்குக் காலம் மாறும். பறையர், பஞ்சமர், டிப்ரஸ்ட் கிளாசஸ் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். 1922 ஜனவரியில் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பிறகுதான் ஆதிதிராவிடர் என்ற பேர் அரசு ஏட்டில் ஏறுகிறது. பழைய ஏட்டில் இருக்கிற சொல் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் மேற்கோளுக்குள் அதை மாற்றாதீர்கள். நம் வாக்கியத்தில் நம் சொல், அவன் வாக்கியத்தில் அவன் சொல். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகையின் பேர் 'பறையன்'. அந்தப் பேரை வைத்ததே ஓர் அரசியல். கூச்சப்பட்டு நாம் மாற்றி எழுதினால் நூலகத்திலும் கிடைக்காது, அவருடைய துணிச்சலும் காணாமல் போகும்.

சாதிப் பட்டம் பற்றியும் இதே கேள்வி வரும். 2021இல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தலைவர்கள், அறிஞர்கள் பெயருக்குப் பின்னால் இருந்த சாதி ஒட்டை நீக்கினார்கள். பாடநூலில் அது சரி. ஆனால் ஆய்வுக் கட்டுரையின் நூற்பட்டியலில், 1900இல் அச்சான தலைப்புப் பக்கத்தில் முதலியார், பிள்ளை, ஐயர் என்று இருந்தால் அப்படியே எழுத வேண்டும் என்பது என் கருத்து. யார் கையில் அச்சு இருந்தது, யார் பதிப்பாசிரியர்கள் ஆனார்கள் என்பதற்கு அந்தப் பட்டமே சாட்சி. அடையாளத்தை அழித்துக் கொடுத்தால் யாருக்கு லாபம்?

அயோத்திதாசப் பண்டிதர் விசயத்துக்கு வருகிறேன். 1907 ஜூன் 19ஆம் தேதி 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். புதன்கிழமைதோறும் வந்தது. அடுத்த வருசம் 'தமிழன்' ஆனது. 1914இல் பண்டிதர் இறந்த பிறகு அந்த இதழ்களைப் பல்கலைக்கழகங்கள் காப்பாற்றவில்லை. கோலார் தங்கவயலிலும் வட தமிழ்நாட்டிலும் இருந்த பௌத்த சங்கத்துக் குடும்பங்கள் காப்பாற்றின. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ரெண்டு தொகுதிகளாக வெளியிட்ட பிறகுதான் பலருக்கும் பண்டிதர் என்று ஒருத்தர் இருந்ததே தெரிந்தது.

இப்போ ஆய்வேடுகளில் என்ன நடக்கிறது? அந்தத் தொகுப்பைப் படித்துவிட்டு, அடிக்குறிப்பில் 'தமிழன், 1907 ஜூலை 17' என்று மட்டும் போடுகிறார்கள். ஏதோ அந்த நைந்த தாளைத் தன் கையாலேயே புரட்டிப் பார்த்த மாதிரி. இது நேர்மையில்லை என்பது ஒரு பக்கம். இதழைக் காப்பாற்றியவர், தொகுத்தவர், அச்சுக்கோத்தவர் எல்லோருடைய உழைப்பையும் ஒரே வரியில் துடைத்து எறிவது இன்னொரு பக்கம். உழைப்பைத் திருடுவதை எதிர்க்கிற இயக்கத்தில் இருந்துகொண்டு இதைச் செய்யலாமா? எதைப் படித்தீர்களோ அதைச் சொல்லுங்கள். முதலில் இதழ் எண்ணும் தேதியும், அடுத்து அலாய்சியஸ் தொகுப்பு, தொகுதி எண், பக்கம். இதழ்த் தேதியும் அவசியம். ஏனென்றால் தொகுப்பு கால வரிசையில் இல்லை. அரசியல், சமூகம், சமயம், இலக்கியம் என்று பொருள்வாரியாகப் பிரித்தது. தேதி இல்லாவிட்டால் பண்டிதர் எதை முதலில் சொன்னார், எந்தச் சண்டைக்குப் பதிலாகச் சொன்னார் என்பது தெரியாமல் போகும்.

அதேபோல, தம் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஓலைச்சுவடியைக் கொடுத்து அது எல்லிஸ் துரை கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். இதைச் சொல்லும்போது 'நிரூபிக்கப்பட்ட உண்மை' என்று எழுதாதீர்கள், 'கட்டுக்கதை' என்றும் ஒதுக்காதீர்கள். 'அயோத்திதாசர் பதிவு செய்கிறார்' என்று எழுதி இடத்தைக் காட்டுங்கள். ஒரு குடும்பத்தின் சாட்சியத்தைச் சாட்சியமாக வைத்தாலே அதற்குப் பெரிய கனம் உண்டு.

சாட்சியங்கள் முரண்படும் இடமும் வரும். 1968 டிசம்பர் 25 வெண்மணி. நம் நினைவில், நினைவிடத்தில் 44 பேர். நீதிமன்ற ஆவணத்தில் 42. ஒன்றை மறைத்து ஒன்றைப் போடாதீர்கள். ரெண்டையும் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். எரிந்து கருகிய உடல்களை எண்ணும் வேலை யார் கையில் இருந்தது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. கௌரவமான மிராசுதார்கள் இப்படிச் செய்திருப்பார்களா என்கிற தொனியில் உயர்நீதிமன்றம் எழுதியதும் தீர்ப்பைப் படித்து எடுத்துக்காட்டியவர்களால்தான் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. நாம் பத்துப் பக்கம் திட்டி எழுதுவதைவிட அவர்கள் சொன்னதை ஆதாரத்தோடு எடுத்து வைப்பது வலுவானது.

வாய்மொழிக்கு வருகிறேன். கொங்குப் பகுதியில் தீரன் சின்னமலையோடு சேர்த்துப் பொல்லானை அருந்ததியர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கும்பினிக்காரன் எழுதி வைத்த தாளில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இதை அளக்க முடியாது. ஆனால் 'மக்கள் சொல்கிறார்கள்' என்று நிறுத்தினாலும் போதாது. எந்த ஊரில், யார், என்ன வயதில், எந்தத் தேதியில் சொன்னார்? பாட்டாகவா கதையாகவா? அவருக்கு யார் சொன்னது? ஒலிப்பதிவு யாரிடம் இருக்கிறது? இவ்வளவும் எழுதினால் வாய்மொழியும் ஆவணம்தான். புத்தகம் எழுதியவனுக்குப் பேரும் பட்டமும் போடுகிறோம். தோல் பறி தைத்து, கவலை ஓட்டுகிற தோட்டத்துக்குக் கொடுத்து வந்த தாத்தாவிடம் நாலு மணி நேரம் கேட்டு எழுதிவிட்டு, கீழே 'தகவலாளி' என்று ஒற்றைச் சொல் போடுவது எந்த ஊர் நியாயம்?

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பேர் போடவும் கூடாது. பேர் வெளியே வந்தால் வேலை போகும், குடிசை போகும், அடி விழும் என்ற நிலை இன்னமும் இருக்கிறது. அவரிடமே கேளுங்கள். 'ஏனுங்க, உங்க பேரு போட்டுக்கலாமுங்களா?' என்று கேட்பது மரியாதை மட்டுமல்ல, அது அவர் உரிமை. வேண்டாம் என்றால் மாற்றுப் பேர் போட்டு, மாற்றியிருக்கிறேன் என்று குறிப்பில் சொல்லுங்கள். உண்மைப் பேரை உங்கள் நோட்டில் பத்திரமாக வையுங்கள்.

நம்ம திருப்பூரையே எடுங்க. இந்த ஊர் வளர்ந்த கதையை எப்படிச் சொல்கிறார்கள்? உழைப்பால் உயர்ந்த ஊர். சரத் சாரி 2004இல் வெளியிட்ட 'ஃப்ரடெர்னல் கேபிடல்' என்ற நூல், கவுண்டர் முதலாளிகள் தங்கள் உயர்வுக்குக் காரணமாகச் சொல்லும் இந்த 'உழைப்பு' என்ற சொல்லையே கேள்விக்கு உட்படுத்துகிறது. அந்தத் தோட்டங்களில் பண்ணையத்துக்கு இருந்த மாதாரியின் உழைப்பு எந்தக் கணக்கில் வருகிறது? சாயப்பட்டறையில் கால் வெந்தவன், செக்கிங்கில் கண் போன அக்கா, இவர்களை எந்த வெள்ளிவிழா மலர் மேற்கோள் காட்டுகிறது? 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது இந்த ஊரில்தான். அதன் துண்டறிக்கைகள், கேட் கூட்டத்து நோட்டீஸ், தொழிலாளியின் சம்பளக் கவர் இவையெல்லாம் எத்தனை வீட்டுப் பரண்களில் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன? நாளைக்கு ஒருத்தர் இந்த ஊரின் தலித் தொழிலாளர் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் அடியில் எதைக் குறிப்பிடுவார்?

எழுதுகிற முறை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் என்றால் ஆசிரியர், நூல், பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம். மறுபதிப்பு என்றால் முதல் பதிப்பு ஆண்டையும் சேருங்கள். இல்லாவிட்டால் 1939இல் வந்த இரட்டைமலை சீனிவாசனின் ஜீவிய சரித்திர சுருக்கத்தை நேற்று எழுதியது என்று நினைத்துக்கொள்வான். பத்திரிகை என்றால் பேர், தேதி, எந்த ஊர்ப் பதிப்பு. அரசாணை என்றால் எண், துறை, தேதி. பாபாசாகேப் நூல்களுக்கு ஆங்கிலத் தொகுதியா தமிழ்த் தொகுதியா என்று சொல்லுங்கள், ரெண்டுக்கும் எண் வேறு. பழைய நூலில் தமிழ் வருசம் மட்டும் இருந்தால் அது அறுபது வருசத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறக்காமல் ஆங்கில வருசத்தைக் கணக்கிட்டு எழுதுங்கள். வெள்ளைக்காரன் முறையில் குடும்பப் பேரை முன்னால் தூக்கிப் போடுவது நமக்குப் பொருந்தாது. நம் தலைப்பெழுத்து அப்பா பேர், குடும்பப் பேர் அல்ல. நம் சொந்தப் பேரை வைத்தே அகர வரிசை செய்யலாம். காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே என்பதில் சண்டை வேண்டாம். ஒரு கட்டுரையில் ஒரே முறை, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேலை. அடுத்த முகாமுக்கு வரும்போது கட்டுரை கொண்டுவர வேண்டாம். ஆளுக்கு ஒரு தாள் கொண்டு வாங்க. பாட்டனின் நிபந்தனைப் பட்டா, அம்மாவின் பழைய சம்பளச் சீட்டு, 1984 நோட்டீஸ், எதுவானாலும் சரி. மூலம் வீட்டிலேயே இருக்கட்டும், ஜெராக்ஸ் போதும். அதன் முதுகில் பென்சிலால் நாலு விசயம் எழுதுங்க. இது என்ன, எந்த வருசம், யார் வைத்திருந்தார், எப்போது உங்களிடம் கொடுத்தார். ஐம்பது பேர் இருக்கிறோம். ஐம்பது தாள் சேர்ந்தால் அடுத்த கூட்டத்தில் அதை வைத்து எழுத ஆரம்பிக்கலாம்.

ஜெய்பீம்.